ஆளுக்கு ஓர் ஆணி

கஸ்தூரி அக்கா சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் நேராகச் சுவரிடம் போனார். நடுவிரலை மடக்கித் தட்டினார். பொத் என்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினார். அதுவும் பொத். கொஞ்சம் மேலே தட்டினார். டிக்.

"இங்க தான் செங்கல்லு கீது. மத்ததெல்லாம் வெறும் பூச்சு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் ஆணியை எடுத்தார். மூன்றே அடியில் இறக்கினார். பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது உன் ஆணி. துணி மாட்டு, சாமி படம் மாட்டு, உன் இஷ்டம். ரெண்டாவது கேக்காத."

திருவொற்றியூரில் அந்த மாடிப் போர்ஷனுக்கு நான் குடிபோன நாளில் நடந்த சடங்கு இது. பால் காய்ச்சவில்லை. ஆணி அடித்தோம்.

கும்மிடிப்பூண்டித் தகர ஷெட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதோடு இந்தத் தொடரைப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து வந்து சேர்ந்த இடம்தான் இந்த வீடு. பக்கத்து கன்டெய்னர் யார்டில் எனக்கு லேடி செக்யூரிட்டி வேலை கிடைத்திருந்தது. கீழே வீட்டுக்காரர் கஸ்தூரி அக்கா தனியாக இருந்தார். மேலே ஒரு கூடம், ஒரு சமையலறை, மூன்று பெண்கள்.

ஆணிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று முதலில் எனக்கும் புரியவில்லை. அக்காவின் கணவர், உயிரோடு இருந்த காலத்தில், லீவு நாட்களில் தானே கொத்து வேலை செய்து கட்டிய வீடு அது. மணல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. சுவர் முழுக்க உப்பு பூக்கும். தெரியாதவர்கள் ஆணி அடித்தால் ஒரு தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து சோற்றில் விழும். எங்கே தட்டினால் செங்கல் பேசும் என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சாய்ந்த சுவர்கள்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அதற்குப் பிறகு எத்தனை ஊரில், எத்தனை சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன் என்று விரல்விட்டு எண்ணப் பார்த்தால் விரல் போதாது.

திருப்பூர் ஹாஸ்டலில் எங்கள் அறைச் சுவர் முழுக்க ஒட்டுப்பொட்டு. எந்த ஊர்ப் பெண்களோ, படுக்கும்போது நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டு, மறந்து போயிருந்தார்கள். சிவப்பு, மெரூன், கறுப்பு, நடுவில் கல் வைத்தது. விளக்கைப் போட்டால் அந்தக் கல்லெல்லாம் மின்னும். அங்கிருந்து கிளம்பிய நாளில் நானும் ஒன்றை ஒட்டிவிட்டு வந்தேன்.

கும்மிடிப்பூண்டி ஷெட்டில் சுவர் தகரம். பகலில் முதுகு வைக்க முடியாது. மழை பெய்தால் பேச முடியாது. இப்போது நான் வேலை பார்க்கும் யார்டில் காவல் அறை ஒரு பழைய கன்டெய்னர். அதன் சுவரில் ஆணி இறங்காது, ஆனால் காந்தம் ஒட்டும். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தில்தான் என் டியூட்டிச் சீட்டு தொங்குகிறது.

ஆக, எனக்கென்று ஒருத்தர் அடித்துக் கொடுத்த முதல் ஆணி கஸ்தூரி அக்காவுடையது. அதில் என் யூனிஃபார்ம் சட்டையை மாட்டினேன். வேறு எதை மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மற்ற இருவருக்கும் தெரிந்திருந்தது. ஸ்டெல்லா தூத்துக்குடிப் பக்கம். ராயபுரத்தில் ஊர்க்காரர் மளிகை மொத்தக் கடையில் பில் போடுகிறவள். அவள் ஆணியில் மாதா படம், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் ரோஜாச் சரம், அதற்கு மேல் மினுக்கும் சீரியல் பல்பு. நூரு, முழுப் பெயர் நூர்ஜஹான், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் ஆணியில் முகம் பார்க்கும் கண்ணாடி. ஆணியை அவள் வாங்கிக்கொண்டாள், கண்ணாடியை மூன்று பேரும் பார்த்தோம்.

நாலாவது ஆள் கூடாது என்பது அக்காவின் இன்னொரு சட்டம். காரணம் தண்ணீர். கீழே முற்றத்தில் ஓர் அடிபம்பு. காலையில் ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். தெரு முழுக்க ஒரே லைன். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தால் கடைசியாக ஆரம்பித்த வீட்டில் காற்றுதான் வரும். அதுவரை அக்காவின் டிரம் பாதிக்கு மேல் ரொம்பி நான் பார்த்ததில்லை.

கடிகாரத்தோடு வந்தவள்

நல்ல வெயில் காலத்தில் பவானி வந்தாள். நூருவுக்குப் பள்ளித் தோழி. வியாசர்பாடியில் புகுந்த வீடு. மணலிப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் காலர் வைக்கிற வேலை. கையில் ஒரு துணிப் பை, தோளில் குழந்தையைச் சாய்த்த மாதிரி ஒரு சுவர்க் கடிகாரம்.

"இன்னாடி, கடியாரத்தத் தூக்கினு வந்துகீற?" என்று நூரு கேட்டாள்.

"என்னுது, அதான். ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டினேன். அல்லாரும் பாத்துகினு தான் இருந்தாங்கோ. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

"புருஷன்?"

"அது அவங்க அம்மாளுது. அங்கியே வுட்டுட்டேன்."

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வலது புருவத்தில் போட்டிருந்த பிளாஸ்டர் ஒரு வாரத்தில் தானாக உதிர்ந்தது.

கடிகாரம் பார்க்க வாட்டசாட்டமாக இருந்தது. மரம் போன்ற சட்டம், கீழே ஆடும் பெண்டுலம். மணிக்கு ஒருமுறை ஏதோ வெளிநாட்டுப் பாட்டு நாலு அடி பாடிவிட்டு மணி அடிக்கும். வெளிச்சம் பார்த்து வேலை செய்கிற கடிகாரம். இருட்டில் பாடாது, விடிந்ததும் ஆரம்பிக்கும். முகப்பில் தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தது: "ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பவானி அவர்களுக்கு." கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்தது. கம்பெனி வேனைத் தவறவிடக் கூடாது என்று அதைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருந்தாள். அந்தப் பத்து நிமிஷத்தை யார் தொட்டாலும் அவளுக்கு ஆகாது.

இரண்டு நாளில் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பார்த்தாள். புளியந்தோப்பில் அண்ணன் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர். லேடீஸ் ஹாஸ்டல் மூன்றில் கேட்டாள். மூன்றிலும் புருஷனோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்பா இல்லை. புருஷன் கை, கையெழுத்துப் போடுகிற கையா அது? எங்கள் வீட்டில் இடம் இல்லையென்றால் வியாசர்பாடிக்குத் திரும்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. அதை அவள் அழாமல்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே எங்கள் நாலு பேர் துணியையும் மடித்து வைத்தாள்.

ஆகவே அவள் இருந்தாள். அக்காவிடம் சொல்லவில்லை. பவானி காலை வேனுக்கு முதலில் இறங்குவாள், மாலையில் அக்கா டிவி பார்க்கும் நேரத்தில் ஏறுவாள்.

கடிகாரத்துக்கு ஆணி இல்லை. பெண்டுலம் ஆட வேண்டும் என்றால் தொங்கத்தான் வேண்டும். முற்றத்தைப் பார்த்த ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டோம். ஆளை ஒளித்துவிட்டுப் பாடுகிற கடிகாரத்தை ஜன்னலில் கட்டிய புத்திசாலிகள் நாங்கள்.

சுவருக்குச் சென்ட்

ஸ்டெல்லா போனில் வீட்டு அலங்கார வீடியோ பார்க்கிறவள். கடையில் கூட்டம் இல்லாத நேரம் முழுக்க அதுதான். ஒருநாள் சோற்றுத் தட்டோடு வந்து எங்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். சாம்பல் நிறச் செங்கல் சுவர். நடுவில் பெரிய கடிகாரம். சுற்றிலும் சின்னச் சின்னத் தட்டு, கொடி, பட்டாம்பூச்சி.

"இதுக்குப் பேரு ஆக்சென்ட் வாலு. ஒரு செவுத்த மட்டும் சோடிச்சு வுடணும். நடுவுல நம்ம பவானி கடியாரம். எப்பிடி?"

"ஆணிக்கு எங்க போறது?" என்றேன்.

"அதாம்க்கா வெசயமே. ஆளுக்குத்தான ஆணி கெடையாதுங்காவ. அலங்காரத்துக்குன்னு கேட்டா தருவாவ. ஆணி வந்துட்டா பெறகு ஆளு வந்த மாதிரிதான்."

இந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருப்பது தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. மூன்று பேரும் கீழே போனோம். அக்கா முறத்தில் கருவாடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மேல ஒரு செவுத்த மட்டும் ஆக்சென்ட் வாலா மாத்தலாம்னு இருக்கோம்," என்று ஸ்டெல்லா ஆரம்பித்தாள்.

"ஆக்சிடெண்ட் வாலா? இன்னாத்துக்கு?"

"அழகா இருக்கும்க்கா."

"ஆக்சிடெண்ட் அழகா கீதா? எண்ணூர் ரோட்ல ட்ரெயிலர்காரன் தெனம் காட்றது போதாதா? என் வூட்டு சொவத்துல வேற காட்டணுமா?"

"ஆக்சிடெண்ட் இல்லக்கா. ஆக்... சென்ட்."

அக்கா ஒரு காரப்பொடிக் கருவாட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சென்ட்டு தானே? அடி. நல்லா அடி. ஓதம் நாத்தமாவது போவும்."

ஆணி ஒன்று வேண்டும், நடுவில் ஒரு கடிகாரம் மாட்ட வேண்டும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தோம். அக்கா எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு மேல வரேன். சொவத்தப் பாக்கறேன், கடியாரத்தையும் பாக்கறேன். அப்பால சொல்றேன்."

படியேறும்போதுதான் ஓட்டை எங்கே என்று புரிந்தது. கடிகாரத்தின் நெற்றியில் பவானி பெயர் இருக்கிறது.

மாமா மூக்கில் முள்

நூரு வழி கண்டுபிடித்தாள். அவள் அக்கா கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் பதினொரு கடிகாரம். நம் ஊரில் கல்யாணத்துக்கு என்ன வாங்குவது என்று தெரியாதவர்கள் எல்லோரும் கடிகாரம் வாங்கிவிடுகிறார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று யாரும் யோசிப்பதில்லை. அதில் ஒன்றை நூரு தூக்கிக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கும் போட்டோவையே முகப்பாக அச்சடித்த கடிகாரம். அளவு தப்பியிருந்தது. மூன்று முள்ளும் மாப்பிள்ளையின் மூக்கிலிருந்து கிளம்பின. பேட்டரி போட்டும் ஓடவில்லை.

"இத அக்காட்ட காட்டுவோம். ஆணிய வாங்குவோம். அவிய எறங்கிப் போனதும் மாமாவக் கழத்திட்டு பவானிய மாட்டுவோம்," என்றாள் ஸ்டெல்லா.

சனிக்கிழமை செங்கல் டிசைன் போட்ட ஃபோம் ஷீட் வாங்கி வந்தோம். பின்னால் காகிதத்தை உரித்தால் ஒட்டிக்கொள்ளும் ரகம். சுவரில் பூத்த உப்பைத் துடைப்பத்தால் தட்டினோம். தட்டத் தட்ட வந்தது. ஒரு முறம் வந்தது. "கொழம்புல போடலாம்," என்றாள் நூரு. ஒட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தால் கொஞ்சம் பங்களா மாதிரி இருந்தது. பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் பறந்தன.

கடைசியாக, ஜன்னல் கம்பியிலிருந்து பவானியின் கடிகாரத்தை அவிழ்த்தோம். அக்கா வந்திருக்கும் நேரத்தில் மூட்டைக்குள்ளிருந்து அது பாடித் தொலைத்தால் எல்லாம் போயிற்று. பேட்டரியைக் கழற்றச் சொன்னோம்.

பவானி யோசித்தாள். "ஓடாத கடியாரத்த வூட்ல வெச்சா ஆவாதுக்கா."

"ஒரு நாள் தானடி."

அவளே கழற்றினாள். பெண்டுலம் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. "இதுவும் இதுவரிக்கும் லீவு போட்டதில்ல," என்று சொல்லிவிட்டுப் போர்வையில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணிக்கு முன்னால் அவள் கடற்கரைப் பக்கம் போய்விட வேண்டும், நாங்கள் போன் பண்ணினால் வர வேண்டும் என்று ஏற்பாடு. அவள் தன் துணிப் பையையும் கட்டி வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்க்கா. ஒருவேள போன் பண்ணலன்னா," என்றாள்.

அக்கா முன்னாடியே வந்துவிட்டார்

ஞாயிறு காலை எங்களை எழுப்பியது கடிகாரம் அல்ல. உப்புச் சுவரிலிருந்து ஒரு ஃபோம் ஷீட் சத்தமில்லாமல் உரிந்து, நூருவின் முகத்தில் விழுந்தது. வீடு இடிந்ததாக நினைத்து அவள் போட்ட கூச்சலில் மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்தோம். அதே நேரத்தில் படியில் அக்காவின் காலடி கேட்டது. மணி ஏழுகூட ஆகவில்லை.

ஒளிய நேரமில்லை. முன்பே எழுந்திருந்த பவானி வாயில் பிரஷ்ஷோடு கூடத்தின் நடுவில் நின்றாள்.

அக்கா வாசலில் நின்று மூச்சு வாங்கினார். "யார்டி கடியாரத்த நிறுத்துனது?"

நூரு முகத்தில் விழுந்த ஷீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களத் தான் கேக்கறேன். ரெண்டு வாரமா ஆறு மணின்னா பாடுது. பாட்டு கேட்டதும் எய்ந்து பம்பு அடிக்கிறேன். தெருவுல ஒரு வூட்லயும் சத்தம் இருக்காது. பைப்புல அப்ப தான் தண்ணி ஏறும், மொதத் தண்ணி நமக்கு. டிரம்மு ரொம்பி வழியுது. எதிர்வூட்டுக்காரி வந்து எட்டிப் பாத்துட்டுப் போறா. இன்னிக்குப் பாட்டே இல்ல. தூங்கிட்டேன். எய்ந்து அடிச்சா ரெண்டு கொடம். மிச்சம் காத்து."

எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பவானி வேனுக்காகத் திருப்பி வைத்த அந்தப் பத்து நிமிஷத்தில் கஸ்தூரி அக்கா தெருவையே முந்தியிருக்கிறார்.

"அக்கா, இவ வந்து... நூருக்கு வேண்டப்பட்ட..." என்று இழுத்தேன்.

"நீ பேசாத. நீயெல்லாம் செக்யூரிட்டி. கடியாரத்த ஒளிச்சீங்களே, படியில நாலு ஜோடி செருப்பு கீதே, அத எவ ஒளிப்பா? எனக்கு நாலு வரிக்கும் எண்ணத் தெரியாதா?"

பவானி வாயைக் கொப்பளிக்கக்கூடப் போகாமல் சுவரோரம் இருந்த துணிப் பையை எடுத்தாள்.

"பைய கீழ வெய்யி," என்றார் அக்கா. "நாலு பேருக்குத் தண்ணி பத்தாதுன்னு தான் வோணாம்னு சொன்னேன். ஆளு நாலாச்சு, டிரம்மு ரொம்பிடுச்சு. இது இன்னா கணக்குன்னு எனக்கே பிரியல. அந்தக் கடியாரத்த எடு."

பவானி அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து மூட்டையைக் கொண்டுவந்து பிரித்தாள். அக்கா முகப்பில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"லீவே போட்டதில்லியா நீ?"

"இல்லக்கா."

"ஒடம்புக்கு முடியலன்னா?"

"போவேன்க்கா. வூட்ல இருந்தா தான் ஒடம்புக்கு ஆவாது."

அக்கா அவள் புருவத்தைப் பார்த்தார். என்னை அனுப்பிக் கீழே ஜன்னலோரம் இருந்த சுத்தியலை எடுத்துவரச் சொன்னார். நான் வருவதற்குள் அக்கா அந்த மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டிருந்தார்.

"இது யாரு, மூக்குல முள்ளு சுத்துது?"

"எங்க மாமாக்கா," என்றாள் நூரு. "சுத்தல. ஓடாது."

"ஓடாத மாமாவ மாட்டி இன்னா பண்றது? கொண்டுபோய் உங்க அக்காவாண்டயே குடு."

ஸ்டெல்லா ஃபோம் சுவரின் நடுவைக் காட்டினாள். அக்கா தட்டினார். சத்தமே வரவில்லை. இன்னோர் இடத்தில் தட்டினார். விரல் உள்ளே அமுங்கியது.

"பஞ்சு மேல தட்னா செங்கல்லு எப்படிடி பேசும்?" என்று ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். ஷீட் பட்டாம்பூச்சிகளோடு வந்தது. ஷீட்டோடு பூச்சும் வந்தது. ஒரு பெரிய தட்டு அகலத்துக்கு. எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

"இத்தத் தான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் அக்கா. "ஆக்சிடெண்ட் வாலு."

அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். ஸ்டெல்லா மட்டும் கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தாள்.

ஆணியை அக்கா ஜன்னலை ஒட்டிய சுவரில் அடித்தார். பாட்டு முற்றத்துக்கு இறங்க வேண்டும், வெளிச்சம் கடிகாரத்தின் மேல் விழ வேண்டும். நாலு இடம் தட்டி, ஐந்தாவது இடத்தில் டிக் கேட்டது. மூன்று அடி. பவானி ஸ்டூலில் ஏறி மாட்டினாள். பேட்டரியைப் போட்டாள். பெண்டுலத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டாள்.

"சரியான டைமுக்கு வெச்சிடட்டாக்கா?" என்று போனைப் பார்த்தபடி கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"வெச்சே, கைய ஒடிப்பேன். எப்படி இருந்துச்சோ அப்படியே வெய்யி."

அவள் முள்ளைத் திருப்பினாள். போனைவிடப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி நிறுத்தினாள். அக்கா சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தார். இரண்டு படி இறங்கி நின்றார்.

"நாளையிலருந்து எனக்கு மூட்டு வலி. மொத டிரம்மு நீ தான் அடிக்கணும்."

பவானி ஸ்டூலின் மேலேயே நின்றாள். "எத்தினி மணிக்குக்கா வரணும்?"

"என்னாண்ட கேக்கற," என்றார் அக்கா, திரும்பாமல். "கடியாரம் உன்னுதா, என்னுதா?"